மலரையும் மழலையையும் பாடிய மராட்டியர்

திலகர் என்றவுடன் தமிழ் நெஞ்சில் எழும் உருவம் ஒன்றே. தலைப்பாகையும் அடர்ந்த மீசையுமாய், வ. உ. சிதம்பரனாருக்கும் பாரதியாருக்கும் அரசியல் ஆசானாக விளங்கிய லோகமானிய பால கங்காதர திலகர் அவர். பூனாவுக்கு வந்தவர்கள் அவர் பெயர் தாங்கிய வீதியில் ஒருமுறையேனும் நடந்திருப்பார்கள். ஆயினும் இரத்தினகிரி மாவட்டம் நாட்டுக்குத் தந்த திலகர் இருவர். 1856-இல் பிறந்தவர் நாடறிந்த திலகர். 1861-இல் பிறந்தவர் நாராயண வாமன திலகர். இருவரும் ஒரே சித்பாவன அந்தணக் குலத்தினர். தூரத்து உறவினர் என்றும் சொல்லுவர். இளையவர் பூவையும் பறவையையும் குழந்தையையும் பாடினார். தம் முப்பத்து நான்காம் வயதில் கிறிஸ்தவ சமயம் தழுவினார். மராட்டித் திருச்சபைகளில் இன்றும் ஒலிக்கும் துதிப்பாடல்களை எழுதினார். மராட்டி மக்கள் அவரை அன்போடு 'பூக்களின், குழந்தைகளின் கவி' என்று அழைக்கிறார்கள்.

நாம் இம்மண்ணில் சில ஆண்டுகள் தங்கிக் கல்வி பெறுகிறோம். உண்பதற்கு வேண்டிய அளவும், ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வேண்டிய அளவும் மராட்டி கற்றுக்கொள்கிறோம். அதற்குமேல் இம்மொழியின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க நமக்கு நேரமிருப்பதில்லை. எட்டிப் பார்க்க விரும்பும் தமிழருக்கு நாராயண வாமன திலகர் ஒரு நல்ல வாசல் என்பது என் எண்ணம். காரணம், அவர் எதிர்கொண்ட கேள்வி நம்மவர் சிலரும் எதிர்கொண்ட கேள்வியே. சமயத்தை மாற்றிக்கொண்ட ஒருவன் தன் மொழியையும் இசையையும் மண்ணின் வாசனையையும் கூடவே கழற்றி வைத்துவிட வேண்டுமா என்பதுதான் அது.

ஆங்கில இலக்கியம் பயிலும் நண்பர்கள் வில்லியம் கூப்பரை அறிவார்கள். 1731-இல் பிறந்து 1800-இல் மறைந்தவர். 1785-இல் வெளிவந்த தம் நெடும்பாட்டில் இங்கிலாந்தின் வயல்களையும் ஓடைகளையும் குளிர்காலக் காலைகளையும் கண்ணால் கண்டபடி எழுதிய அவரே, ஜான் நியூட்டனுடன் சேர்ந்து 1779-இல் வெளியிட்ட துதிப்பாடல் தொகுதியில் அறுபதுக்கு மேற்பட்ட பாடல்களை இயற்றியவர். வோர்ட்ஸ்வொர்த்துக்கு முன்னோடி என்று அவரை ஆங்கிலேயர் கொண்டாடுகிறார்கள். இயற்கையைப் பாடிய வாயே இறைவனையும் பாடுவது அவர்களுக்குச் சிறப்பித்துச் சொல்ல வேண்டிய செய்தி. நமக்கோ அது புதுமையன்று. திருஞானசம்பந்தர் பதிகங்களைப் புரட்டிப் பாருங்கள். பாட்டில் பாதி வயலும் சோலையும் வண்டும் மந்தியும் மழைமேகமும்தானே? திலகரைப் புரிந்துகொள்ளக் கூப்பரைவிடச் சம்பந்தரே நமக்குப் பெரிதும் துணை செய்வார்.

கொங்கணக் கரையில் இரத்தினகிரி மாவட்டத்துக் கரஜ்காவ் என்னும் சிற்றூரில் 1861ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 6ஆம் நாள் நாராயணர் பிறந்தார். தந்தையார் வாமனராவ் அரசாங்க எழுத்தர், கடுமையான இயல்பினர். தாயார் ஜானகிபாய் பாட்டில் ஈடுபாடுடைய மென்மையான அம்மையார். ஒருபுறம் அரபிக்கடல், மறுபுறம் சகியாத்திரி மலை, இடையே மழையால் செழித்த சிறு கிராமங்கள். இந்த நிலமே பின்னாளில் அவர் பாட்டில் பூத்தது. சிறுவனாய் இருக்கும்போதே தாயை இழந்தார். தாய் போன பின் தந்தை வீட்டில் அவருக்கு இடமில்லாமற்போயிற்று. வீட்டை விட்டுக் கிளம்பி நாசிக் நகரை அடைந்தார். அங்கே கணேச சாஸ்திரி லேலே என்னும் சமஸ்கிருதப் பண்டிதரிடம் பயின்றார். பள்ளியில் சிறிது காலம் ஆங்கிலமும் படித்தார். பட்டம் ஏதும் பெறவில்லை. பிற்காலத்து மராட்டிக் கவிதையின் பெருந்தூண்களில் ஒருவருக்குக் கல்லூரி வாசல் தெரியாது என்பதைக் கல்லூரி இதழில் எழுதும்போது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது!

1880-இல் திருமணம். மணமகளுக்கு வயது பதினொன்று. நாசிக்கை அடுத்த ஜலால்பூரில் கோகலே குடும்பத்தில் பிறந்த மனகர்ணிகா என்னும் அச்சிறுமி, புகுந்த வீட்டில் லட்சுமிபாய் ஆனாள். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள். கவிஞரின் மனைவி என்ற அளவில் நின்றுவிடும் பெயரன்று அது.

திலகர் ஓரிடத்தில் கால் தரித்திருந்தவரல்லர். ஆசிரியர் வேலை பார்த்தார், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தார், புராணம் சொன்னார், கீர்த்தனம் செய்தார். திடீரென்று வீட்டை விட்டுப் புறப்பட்டுப் போய்விடுவார். எங்கே போனார் என்று மனைவிக்கும் தெரியாது. கையில் காசு சேர்ந்தால் எதிர்ப்பட்ட ஏழைக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வருவார். கவிஞர்களின் மனைவியர் படும் பாட்டைப் பற்றி நாம் செல்லம்மா பாரதி வாயிலாகக் கேட்டிருக்கிறோம். லட்சுமிபாயின் நூலைப் படித்தால் அவ்விரு பெண்மணிகளும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்திருக்கலாமே என்று தோன்றும்.

பிறகு நாகபுரி. அங்கே அப்பாசாகேப் பூட்டி என்ற செல்வரின் ஆதரவில் வேத இலக்கியப் பதிப்பு வேலையில் ஈடுபட்டார். 'ரிஷி' என்றொரு இதழும் நடத்திச் சமய ஆராய்ச்சி செய்தார். நாட்டின் தாழ்வுக்குச் சாதிக் கட்டே காரணம் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் அக்காலத்திலேயே வேரூன்றியிருந்தது. மனிதரை ஒன்றாக்கும் ஒரு சமயத்தைத் தேடினார்; தாமே ஒன்றை அமைத்துவிடலாமா என்றுகூட எண்ணினார்.

1893ஆம் ஆண்டு. நாகபுரியிலிருந்து ராஜ்நந்த்காவ் என்னும் சமஸ்தானத்துக்கு இரயிலில் போய்க்கொண்டிருந்தார். அதே பெட்டியில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். பேச்சுத் தொடங்கிற்று. பேச்சுப் பாட்டைப் பற்றியும் சென்றது. சமயத்தைப் பற்றியும் சென்றது. இறங்கும்முன் பாதிரியார் ஒரு புதிய ஏற்பாட்டு நூலை அவர் கையில் கொடுத்து, இன்னும் இரண்டாண்டுக்குள் நீர் கிறிஸ்தவர் ஆவீர் என்ற கருத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். திலகர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் வாக்களித்தபடி நூலைப் படித்தார். மத்தேயு எழுதிய மலைப்பிரசங்கத்துக்கு வந்தார். அதைத் தாண்டிப் போக அவரால் இயலவில்லை. 1895ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் பம்பாயில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். பாதிரியார் சொன்ன கெடு ஏறத்தாழ அப்படியே பலித்தது.

இதை எழுதிவிடுவது எளிது. அன்று அது எப்படி வெடித்திருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். சித்பாவன அந்தணர் ஒருவர், சமஸ்கிருதம் வல்லவர், கீர்த்தனம் செய்பவர், கிறிஸ்தவர் ஆகிவிட்டார். உற்றார் கைவிட்டனர். லட்சுமிபாய்க்குச் செய்தி எட்டியபோது அவர் நிலையை எந்தச் சொல்லால் எழுதுவது? ஆசாரமே மூச்சாக இருந்த வீட்டில் வளர்ந்தவர் அவர், கைக்குழந்தை வேறு. ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்ந்தார்கள். அதில் ஒரு பகுதியை அம்மையார் பண்டரிபுரத்தில் கழித்தார். துயரத்தின் நடுவே அவர் வாயிலிருந்தும் பாட்டுப் பிறந்தது.

பின் மெல்ல மெல்ல அவர் கணவரிடம் திரும்பினார். திரும்பியவர் உடனே சமயம் மாறிவிடவில்லை. தனியே சமைத்தார், தனியே தண்ணீர் வைத்துக்கொண்டார். திலகர் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. நாளடைவில், சாதி கடவுள் படைத்ததா மனிதன் படைத்ததா என்ற வினா அவர் உள்ளத்திலேயே எழுந்தது. மனிதன் படைத்ததே என்று துணிந்த நாளில் எல்லோர் கையிலும் தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஞானஸ்நானம் அதற்கும் பின்னர், 1900-இல். ஒருவர் உள்ளம் மாறுவதன் வரலாற்றை இத்தனை நேர்மையாக எழுதிய நூல்கள் இந்திய மொழிகளில் அதிகமில்லை என்று துணிந்து சொல்லலாம்.

நிற்க. கவிதைக்கு வருவோம்.

திலகர் எழுதத் தொடங்கிய காலம் மராட்டிக் கவிதை புதுப்பாதையில் திரும்பிய காலம். 1866-இல் பிறந்து 1905-இல் மறைந்த கேசவசுதர் அப்புதுக்கவிதையின் தந்தை எனப்படுகிறார். கேசவசுதர், திலகர், விநாயகர், கோவிந்தாக்ரஜர், பாலகவி என்று ஐவரை ஒருங்கே வைத்துப் பேசுவது மராட்டி இலக்கியவாணர் வழக்கம். அதுவரை புராணத்தையும் நீதியையும் பாடிவந்த கவிதை, தன் உள்ளத்தையும் தன் கண்முன் நிற்கும் பூவையும் பாடத் தொடங்கிற்று. திலகர் இதில் முன்னணியில் நின்றார். காட்டில் ஒருவரும் காணாமல் மலர்ந்து கிடக்கும் ஒரு பூவோடு கவிஞர் உரையாடுவதாக அமைந்த 'வனவாசி பூல்' அவர்தம் நெடும்பாட்டுகளில் பெயர்பெற்றது.

எனினும் மகாராஷ்டிரத்தில் பள்ளிக்குச் சென்ற பெரியவர் யாரையேனும் கேட்டால் அவர் நினைவுகூர்வது 'கேவடே ஹே கிரௌர்ய' என்னும் பாட்டாகத்தான் இருக்கும். 'எத்தனை கொடுமை இது' என்பது தலைப்பின் பொருள். செய்தி மிக எளியது. தாய்ப்பறவை ஒன்று வேடன் அம்பால் அடிபடுகிறது. விழுகிறது, எழுகிறது, மறுபடி விழுகிறது. உயிர் போகும் நேரத்திலும் அலகில் பற்றிய இரையை விடாமல் கூட்டை அடைகிறது. குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. சாகிறது. இவ்வளவே கதை. இதில் பறவையின் பெருமையைக் கவிஞர் உரத்த குரலில் பேசவில்லை. பறவை பறக்கும் விதத்தையே காட்டுகிறார். பாட்டு 'பிருத்வி' என்னும் சமஸ்கிருத விருத்தத்தில் அமைந்தது. பதினேழு அசை கொண்ட அடி எட்டாம் அசையில் சற்றே நின்று மறுபடி ஓடும். அடிபட்ட சிறகு அடித்து, ஓய்ந்து, மீண்டும் அடிப்பதைப் போலவே செவிக்குப் படுகிறது. மராட்டி அறியாதவர்களும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பொருள் தெரியாமலே மனம் கனக்கும். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியையும், பயிர் வாடக் கண்டு தாமும் வாடிய வள்ளலாரையும் போற்றும் நமக்கு இப்பாட்டு அயலாகத் தோன்றாது.

எல்லாப் பாட்டும் இத்தரத்தன என்று நான் சொல்ல வரவில்லை. சில இடங்களில் பூவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கவிஞர் திடீரென்று பள்ளி ஆசிரியராகி நமக்குப் பாடம் சொல்லத் தொடங்கிவிடுகிறார். அவர் காலத்துக் கவிஞர் பலருக்கும் இக்குறை உண்டு. ஆங்கில வோர்ட்ஸ்வொர்த்துக்கும் உண்டு.

இனித் துதிப்பாடல்கள். திலகர் கிறிஸ்தவரானபோது மராட்டிக் கிறிஸ்தவர்கள் கோயிலில் பெரும்பாலும் என்ன பாடினார்கள்? மேல்நாட்டு மெட்டுக்கு மராட்டிச் சொற்களை வெட்டி ஒட்டிய மொழிபெயர்ப்புகளையே பாடினார்கள். குறில் நிற்கவேண்டிய இடத்தில் இராகம் நீளும்; நெடில் நிற்கவேண்டிய இடத்தில் மெட்டு அவசரப்படும். தமிழ்க் கிறிஸ்தவ நண்பர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். அவர்கள் கோயிலில் மேல்நாட்டு மெட்டில் அமைந்த ஞானப்பாட்டு வேறு, இராக தாளத்தோடு நம்மவர் இயற்றிய கீர்த்தனை வேறு அல்லவா? மராட்டியத்தில் இக்கீர்த்தனை நெறியை நிலைநாட்டிய பெருமை பெரிதும் திலகருக்குரியது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட கருவிகள் இரண்டு: ஓவியும் அபங்கமும்.

ஓவி, ஞானேசுவரர் கீதைக்கு உரை பாடிய யாப்பு. பெண்கள் திரிகை சுற்றும்போது பாடும் பாட்டும் அதுவே. அபங்கம், பண்டரிபுரத்து விட்டலனை நோக்கிச் செல்லும் வார்க்கரி அடியார்களின் பாட்டு. பேரபங்கத்தின் ஓர் அடி நான்கு துண்டாய் அமையும். முதல் மூன்று துண்டுகளில் ஆறாறு எழுத்து. கடைசித் துண்டில் நான்கு எழுத்து. இரண்டாம் துண்டும் மூன்றாம் துண்டும் இறுதியில் இயைந்து ஒலிக்கும். கடைசி நான்கெழுத்து, ஓடிவந்தவன் மூச்சு வாங்கி நிற்பது போல நிற்கும். அந்த இடத்தில்தான் தாளத்தட்டு விழுகிறது. கேட்போர் கூடச் சேர்ந்துகொள்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனும் இரண்டு முறை கேட்டால் பாடிவிடலாம். தஞ்சை மராட்டியர் காலத்துத் தொடர்பால் நம்மூர்ப் பஜனை மடங்களிலும் அபங்கம் ஒலிப்பதைப் பலர் கேட்டிருப்பீர்கள்.

பிம்ப்ரியில் வாழ்வோர் அபங்கத்தைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. லோனாவளா செல்லும் உள்ளூர் இரயிலில் சிஞ்ச்வடும் ஆகுர்டியும் கடந்தால் தேகு ரோடு. அங்கிருந்து சற்றுத் தொலைவில் இந்திராயணி ஆற்றங்கரையில் தேகு. 17ஆம் நூற்றாண்டில் அங்கே பலசரக்கு வணிகக் குடும்பத்தில் பிறந்து, வணிகம் நொடித்து, அபங்கம் பாடிப் பெருவாழ்வு பெற்றவர் துக்காராம். ஆண்டுதோறும் ஆடி ஏகாதசியை முன்னிட்டு அவர் பாதுகைகளைத் தாங்கிய பல்லக்கு தேகுவிலிருந்து புறப்பட்டு, ஆகுர்டியில் இராத்தங்கி, நம் பிம்ப்ரி வழியே பூனா செல்கிறது. போக்குவரத்து நின்றுவிட்டதே என்று நாம் முணுமுணுக்கும் அந்த நாளில் தெருவை நிறைத்துப் போவது அபங்கம்தான்.

திலகர் துக்காராமிடம் ஆழ்ந்த பற்றுடையவர். துக்காராம் என்னும் பாலத்தின் மேல் நடந்தே தாம் கிறிஸ்துவை அடைந்ததாகச் சொல்லிவந்தார். இச்சொல் சிலருக்கு உவப்பாயிராது. வார்க்கரி அன்பர், எங்கள் துக்காராம் உமக்குப் பாலமா என்று கேட்கலாம். கண்டிப்பான பாதிரியார், பாலம் எதற்கு என்று கேட்கலாம். திலகர் இருவருக்கும் தம் பாட்டையே விடையாக வைத்தார். பக்தன் தாயிடம் பிள்ளைபோல் அடம்பிடிக்கும் துக்காராமின் குரல், அவர் கிறிஸ்துவை நோக்கிப் பாடும் அபங்கங்களில் அப்படியே கேட்கிறது. அவற்றின் தொகுதிக்கு 'அபங்காஞ்சலி' என்று பெயர். ஹரிகதை முறையில் கையில் தாளத்தோடு கிறிஸ்துவின் கதையைக் கீர்த்தனமாகவும் அவர் நடத்தினார். மராட்டித் திருச்சபையின் 'உபாசனா சங்கீத்' என்னும் பாட்டுநூலில் கணிசமான பங்கு அவர் பாடல்களே. அவற்றில் சிலவற்றை நிக்கல் மக்னிக்கல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆங்கிலத்தில் ஆக்கினார். அவை மேல்நாட்டுத் துதிநூல்களிலும் இடம்பெற்றன. அங்கிருந்து இங்கே வந்துகொண்டிருந்த பாட்டு, இங்கிருந்து அங்கே போயிற்று!

நம் நாட்டில் இதே வேலையை அவருக்கு முன்பே செய்தவர்கள் இருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ஒருவர் 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்சு ஐயரிடம் வளர்ந்து, 1864-இல் தஞ்சையில் மறைந்த வேதநாயக சாஸ்திரியார். குறவஞ்சி என்னும் நாட்டுக்கூத்து வடிவில் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். அவரை ஆதரித்த சரபோஜி மன்னர் மராட்டியர் என்பது இக்கட்டுரைக்கு ஓர் அழகான பொருத்தம். மற்றவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827-இல் பிறந்த வைணவர். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியனின் கதையைக் கம்பன் நடையில் 'இரட்சணிய யாத்திரிக'மாகப் பாடி 1894-இல் வெளியிட்டார். திலகர் ஞானஸ்நானம் பெறுவதற்கு ஓராண்டு முன் அது வந்தது. கம்பனைக் கைவிடாத கிருஷ்ணபிள்ளையும் துக்காராமைக் கைவிடாத திலகரும் ஒருவரை ஒருவர் சந்தித்திருந்தால் மொழி தெரியாமலே நண்பர்களாகியிருப்பார்கள். சாஸ்திரியாரோடு திலகர் ஒன்றில் மட்டும் ஒத்துப்போயிருக்க மாட்டார். திருச்சபைக்குள் சாதி வேற்றுமையைக் கைவிட வேண்டும் என்று பாதிரிமார் சொன்னபோது சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். திலகர் சமயம் மாறியதற்கே சாதியின் மேலிருந்த வெறுப்பு ஒரு பெருங்காரணம். இசையில் நம்மவர் முந்தினார். இதில் மராட்டியர் முந்தினார்.

திலகரின் பின்வாழ்வு பெரும்பாலும் அகமத்நகரில் கழிந்தது. அகில்யாநகர் என்று இப்போது பெயர் மாற்றம் பெற்றிருக்கும் ஊர் அது. அங்கே அமெரிக்க மராட்டி மிஷனின் இறையியற் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். 1904-இல் குருப்பட்டம் பெற்றார். 1842 முதல் வெளிவந்த 'ஞானோதய' என்னும் பழைமையான இதழின் மராட்டிப் பகுதியை 1912 முதல் கவனித்துவந்தார். ஆயினும் மிஷனரிகளோடு அவருக்கு ஒத்துப்போன நாளும் உண்டு, ஒவ்வாத நாளும் உண்டு. கிறிஸ்தவனாவதற்குக் கால்சட்டை தேவையில்லை என்பது அவர் கட்சி. நாட்டுப்பற்று மிக்கவர்; இந்தியத் திருச்சபை இந்தியர் கையில் இருக்க வேண்டும் என்று வாதாடினார்.

அந்த வீட்டுக்கு ஒரு நாள் ஒரு பிள்ளை வந்தான். திரியம்பக பாபூஜி தோம்ப்ரே என்பது அவன் பெயர். 1907-இல் ஜள்காவில் நடந்த கவிஞர் மாநாட்டில் பதினேழு வயதுகூட நிரம்பாத அப்பையன் மேடையேறிப் பாடி, சபையைப் பரவசப்படுத்தி, 'பாலகவி' என்ற பட்டம் பெற்றான். அவன் திறமையைக் கண்டுகொண்ட திலகர் அவனைத் தம் வீட்டிலேயே வைத்துப் பேணினார். அவன் அந்தணன், இவர்கள் கிறிஸ்தவர்கள். அவனைச் சமயம் மாற்ற வேண்டும் என்று யாரும் முயலவில்லை. லட்சுமிபாய்க்கு அவன் இன்னொரு மகன் ஆனான். திலகர் வழியில் நின்று திலகரையும் விஞ்சிய இயற்கைக் கவி என்று பாலகவியை மதிப்பவர் உண்டு; ஆவணி மாத மழைவெயிலைப் பாடிய அவர் பாட்டை மராட்டிச் சிறுவர் இன்றும் ஒப்பிக்கிறார்கள். 1918ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பாட்லி இரயில் நிலையத்தருகே இருப்புப்பாதையில் வண்டியில் அடிபட்டுப் பாலகவி மாண்டார். வயது இருபத்தெட்டு நிரம்பவில்லை.

அதற்கு முந்திய ஆண்டே திலகர் மிஷன் சம்பளத்தை உதறிவிட்டார். 1917-இல் சத்தாராவுக்குச் சென்று துறவி போல் வாழ்ந்து, 'தேவாசா தர்பார்' என்னும் அன்பர் கூட்டத்தைத் தொடங்கினார். 'கடவுளின் திருவோலக்கம்' என்று நாம் சொல்லலாம். ஞானஸ்நானம் பெற்றவரும் பெறாதவரும், கிறிஸ்துவை நேசிப்பவர் எவரும் அதில் சேரலாம் என்பது அவர் வகுத்த நெறி. திருச்சபைக்குள் பலர் இதைக் கண்டு திகைத்தார்கள். அதன் பயனைக் காண அவருக்கு ஆயுள் இல்லை. இரண்டே ஆண்டுகளில், 1919ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், பம்பாயில் காலமானார். அவர் விருப்பப்படி உடல் எரியூட்டப்பட்டது. சாம்பல் அகமத்நகரில் அடக்கம் செய்யப்பட்டது.

அவரைப் பற்றி ஆங்கிலத்தில் முதன்முதல் விரிவாக எழுதியவர் ஜாக் வின்சுலோ என்னும் ஆங்கிலேயர். 1923-இல் அந்நூல் வந்தது. வின்சுலோவும் ஒரு துதிப்பாடலாசிரியரே. அகமத்நகரில் பணியாற்றியவர், 1922-இல் 'கிறிஸ்த சேவா சங்கம்' என்னும் ஆசிரமக் கூட்டத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது பூனாவின் சிவாஜிநகருக்கு வந்தது. வெள்ளையரும் இந்தியரும் கதர் உடுத்துத் தரையில் அமர்ந்து உண்டு ஒரே வீட்டில் வாழ்ந்த இடம் அது. பின்னாளில் பழங்குடி மக்களின் ஆய்வாளராகப் புகழ்பெற்ற வெரியர் எல்வின் இந்தியாவுக்கு முதலில் வந்து சேர்ந்ததும் அச்சங்கத்துக்கே. திலகர் விட்டுச்சென்ற கேள்வி ஆங்கிலேயரையும் விடவில்லை என்பதற்கு இது சான்று.

திலகர் முடிக்காமல் போன வேலை ஒன்று இருந்தது. இராமாயணம் போலக் கிறிஸ்துவின் வரலாற்றை ஓவி யாப்பில் ஒரு காவியமாகப் பாட எண்ணி, 'கிறிஸ்தாயன்' என்று பெயரிட்டு, தொடக்க இயல்கள் சிலவற்றை மட்டும் எழுதியிருந்தார். முறையாகப் பள்ளி செல்லாத, கணவர் விட்டுவிட்டுக் கற்பித்த எழுத்தைக் கொண்டே படிக்கக் கற்ற லட்சுமிபாய் அதை எடுத்துக்கொண்டார். அறுபதுக்கு மேற்பட்ட இயல்களை அவரே இயற்றினார். 1936-இல் அம்மையார் மறைந்த பின், 1938-இல் காவியம் அச்சேறியது.

காவியத்தைவிட அம்மையாரை வாழவைத்திருப்பது அவர் எழுதிய தன்வரலாறு. 'ஸ்மிருதி சித்திரே' என்பது பெயர். நினைவுச் சித்திரங்கள் என்று பொருள். 1934 முதல் 1937 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்தது. கடைசிப் பகுதி அவர் மறைவுக்குப் பின் வந்தது. சமையலறையில் உட்கார்ந்து அடுத்த வீட்டுப் பெண்ணிடம் பேசுவது போன்ற நடை. கணவரின் பெருமையையும் சொல்லுகிறார்; அவர் செய்த கூத்துகளையும் மறைக்காமல் சொல்லிச் சிரிக்கிறார். அழ வேண்டிய இடத்திலும் சிரிக்கிறார். மராட்டி உரைநடையின் சிறந்த நூல்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. திலகரின் பாட்டை மூலத்தில் சுவைக்க மராட்டி வேண்டும். இந்நூலுக்கு ஆங்கிலமே போதும். 1950-இல் ஜோசபின் இங்க்ஸ்டர் அம்மையார் ஆங்கிலத்தில் தந்தார். 2017-இல் சாந்தா கோகலே புதிதாக மொழிபெயர்த்திருக்கிறார். விடுமுறையில் ஊருக்குப் போகும் நீண்ட இரயில் பயணத்துக்கு ஏற்ற நூல். சோலாப்பூர் வருவதற்குள் லட்சுமிபாய் உங்களுக்குப் பக்கத்து இருக்கைக்காரர் ஆகிவிடுவார்.